விடுதியில் ஒன்றாகப் படித்தவர்களை ஐம்பது வயதில் சந்திப்பது: போகலாமா?

யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்த உங்கள் வகுப்பினர் வரும் ஓகஸ்டில் கொழும்பில் ஒன்றுகூடுகிறார்கள், முப்பது வருடமாக ஒருவரையும் பார்க்கவில்லை, போவதா விடுவதா, போனால் என்ன கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். ஆனால் முதல் நாள் இராப்போசனத்தை வைத்து அந்த உறவை எடைபோட வேண்டாம். அது பெரும்பாலும் சரிவராது.

நான் இருப்பது வெள்ளவத்தையில். அந்த ஒரே குற்றத்துக்காக எங்கள் வகுப்பின் வரவேற்பாளர், வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் எல்லாமே நான்தான். கனடா, லண்டன், சிட்னி என்று போனவர்கள் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வருவார்கள். திருவிழா 25 நாள் என்பதால் ஆளுக்கொரு திகதியில் கட்டுநாயக்காவில் வந்திறங்குவார்கள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஏதாவது ஓர் ஒழுங்கையில் நாள் வாடகைக்கு வீடெடுத்து, யாழ்ப்பாணம் போகுமுன் கொஞ்ச நாள், போய்வந்த பின் சேலை வாங்கக் கொஞ்ச நாள் என்று தங்குவார்கள். ஆகவே நான் சொல்வதெல்லாம் ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொல்வதல்ல.

விடுதி என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நட்பு வளரும் இடம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய காலம் முதல் நம் பெண்கள் விடுதியில் இருந்து படித்துவருகிறார்கள். நட்புக்காக யாரும் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டதில்லை. தகப்பனுக்கு மலைநாட்டிலோ மட்டக்களப்பிலோ உத்தியோகம், ஊரில் நல்ல பாடசாலை இல்லை, தாய்க்குச் சுகமில்லை, 1983 ஜூலைக்குப் பிறகு கொழும்பில் வைத்திருக்கப் பயம், இப்படித்தான் எங்கள் அறையில் ஒவ்வொரு டிரங்குப் பெட்டியும் வந்து சேர்ந்தது. கட்டில் கிடைத்தது அனுமதி இலக்கப்படி. பக்கத்துக் கட்டிலில் யார் படுக்க வேண்டும் என்று எவரும் எங்களைக் கேட்கவில்லை. பகலில் வந்து போகிற பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். எங்களுக்குப் பிடிக்காதவளோடும் ஒரே தொட்டியில் குளித்து, ஒரே மணிக்கு எழும்பி, ஒரே பருப்பைத் தின்ன வேண்டியிருந்தது. அதனால் உண்டானது நட்பைவிட ஒன்றுவிட்ட சகோதரிகளின் உறவுக்குக் கிட்டியது: சிலரைப் பிடிக்கும், சிலரைப் பிடிக்காது, ஆனால் யாரையும் உறவில்லை என்று சொல்லிவிட முடியாது. நீங்கள் தயங்குவது அங்கே பிடிக்காத இரண்டு மூன்று பேர் இருப்பார்கள் என்பதால் என்றால், நிச்சயம் இருப்பார்கள். எங்களுக்கும் இருக்கிறார்கள். அதற்காகக் கலியாண வீட்டுக்குப் போகாமல் விடுகிறோமா?

இதிலே எங்கள் தலைமுறைக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. கொழும்பு ரயிலான யாழ்தேவி நின்றது, பிறகு மின்சாரமும் நின்றது. தூரத்துப் பிள்ளைகளைப் பெற்றோர் வந்து ஒவ்வொருவராகக் கூட்டிப்போனார்கள். சிலர் பெட்டியைக்கூட எடுக்கவில்லை. எஞ்சியவர்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துச் சாதாரண தரமும் உயர்தரமும் எழுதினோம். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரும் சுற்றியுள்ள வலிகாமமும் இடம்பெயர்ந்து நடந்தபோது எஞ்சியிருந்த தொடர்பும் அறுந்தது. பிரியாவிடை விருந்து, கையெழுத்துப் புத்தகம் ஒன்றும் எங்களுக்கு வாய்க்கவில்லை. ஆகவே இப்போது மேசையில் உட்கார்ந்தால் ஒருத்திக்கு நான் பதினைந்து வயதில் அழுதுகொண்டு நின்றவள், இன்னொருத்திக்குப் பத்தொன்பது வயதில் கணக்கில் கெட்டிக்காரி. இருவரும் வேறு வேறு பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறார்கள், இரண்டும் நான்தான். இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்க வேடிக்கையாகவே இருக்கும்.

இராப்போசனம் ஏன் சரிவராது என்றால், முதல் அரை மணித்தியாலம் படம் பிடிப்பதில் போய்விடும். அடுத்த ஒரு மணித்தியாலம் எத்தனை பிள்ளைகள், எங்கே வீடு, அவர் என்ன செய்கிறார் என்பதில் போகும். அதற்குள் யாராவது ஒருத்திக்குத் தூக்கம் வந்துவிடும். ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், பாவம் அவள் என்ன செய்வாள். பிறகு காசுக் கணக்கு. 2022 தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. வெளியில் இருந்து வருகிறவர்களுக்குக் கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் மலிவாகத் தெரிவது அப்போது தொடங்கியது. அதே மேசையில் இருக்கும் ஆசிரியைக்கு அந்த ஒரு நேரச் சாப்பாடு பல நாள் சம்பளம். "நாங்கள் கட்டுகிறோம், நீங்கள் வாருங்கள்" என்று அவர்கள் மனதாரத்தான் சொல்வார்கள். அப்படிச் சொன்ன வருடம் இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் காய்ச்சல், பிள்ளைக்குப் பரீட்சை என்று சொல்லி வரவில்லை. காரணம் எல்லோருக்கும் விளங்கியது, யாரும் வாயைத் திறக்கவில்லை. இப்போது இடத்தைத் தெரிவு செய்வது எங்களில் குறைந்த வருமானக்காரி. அவள் பெரும்பாலும் பம்பலப்பிட்டி கிறீன்லண்ட்ஸைச் சொல்வாள். தோசை, வடை, கோப்பி. ஆளுக்கு ஆள் சமபங்கு. வராதவர்கள் வரத் தொடங்கினார்கள். உங்கள் குழு நட்சத்திர ஹோட்டல் என்று நின்றால் நீங்கள் மதியத்துக்கு ஒரு சின்னக் கூட்டம் வைத்துவிடுங்கள், இரண்டுக்கும் போகலாம்.

உண்மையான சந்திப்பு மறுநாள் நடப்பது. வருகிறவர்கள் எல்லோருக்கும் கொழும்பில் ஏதாவது அலுவல் இருக்கும். ஒருத்திக்குச் செட்டியார் தெருவில் பழைய சங்கிலியைக் கொடுத்து மாற்ற வேண்டும். ஒருத்திக்குப் பல். ஒருத்திக்கு இரட்டைப் பிரஜாவுரிமை, அதற்குப் பத்தரமுல்லை குடிவரவுத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். கூடப் போங்கள். சிங்களம் மறந்துபோனவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பதே பெரிய உதவி. உங்களுக்குக் கிடைப்பது அதைவிடப் பெரிது. ஓட்டோவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது முகம் பார்க்கத் தேவையில்லை. இலக்கம் கூப்பிடும்வரை கதிரையில் காத்திருக்கும்போது, நேரத்தைப் போக்க வேண்டும் என்பதற்காகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். விவாகரத்து, மகனோடு பேச்சுவார்த்தை இல்லாதது, வேலை போனது எல்லாம் நான் அறிந்துகொண்டது இப்படியான கதிரைகளில்தான்.

எங்களில் ஒருத்தி 2009 மே வரை வன்னியில் இருந்தவள், பிறகு மெனிக் பாம் முகாமில் இருந்தவள். ஒரு விருந்தில் வெளிநாட்டுத் தோழி ஒருத்தி அவளிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டாள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டாள். "அது பெரிய கதையடி" என்று சொல்லிவிட்டு இவள் சட்னியை எடுத்து எல்லோருக்கும் வைக்கத் தொடங்கினாள். அடுத்த வருடம் அதே இருவரும் வெள்ளவத்தையில் தையற்கடை வாசலில், தைத்த சட்டையை வாங்கக் காத்திருந்தபோது, யாரும் கேட்காமல் இவளாகவே தொடங்கினாள். நானும் பக்கத்தில் இருந்தேன். சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவளுடையது. தையற்காரர் சட்டை முடிந்துவிட்டது என்று இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆகவே உங்கள் வகுப்பிலும் அப்படி யாராவது இருந்தால், மேசையில் வைத்துக் கேட்காதீர்கள். கேட்காமல் கூட இருங்கள்.

நேர மாற்றத்தால் தூங்க முடியாதவர்களை அதிகாலையில் மரைன் டிரைவுக்குக் கூட்டிப்போவதும் நல்ல உத்தி. வெயில் ஏறுமுன் பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பலாம். ஒரு பக்கம் கடல், இடையில் ரயில் பாதை. பேச்சு தடைப்பட்டால் ரயிலைக் குறைசொல்லிக்கொண்டு வரலாம்.

நீங்கள் பெண்ணா ஆணா என்று கேள்வியில் இல்லை. பெண் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் பலர் பெரியபிள்ளையானது விடுதியில். வீட்டிலிருந்து ஆள் வந்து கூட்டிப்போகும்வரை மேற்றன் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்து மூக்கைப் பிடித்து விழுங்கவைத்ததை மற்றவர்கள் கதவிடுக்கால் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த மாதம் சிரித்தவளின் முறை. ஆகவே இப்போது மாதவிடாய் நிற்கிற காலத்து வியர்வை, நித்திரையின்மை, காரணமில்லாத கோபம் எல்லாவற்றையும் எந்தக் கூச்சமும் இல்லாமல் கதைக்கிறோம். கூடப்பிறந்த அக்காவிடம் சொல்லாததைக்கூட. டொக்டரிடம் போகாமல் மாதக்கணக்கில் இரத்தப்போக்கோடு இருந்த ஒருத்தியை ஏசி, அன்றைக்கே கூட்டிப்போனது இந்தக் கூட்டம்தான். அவளுடைய குடும்பத்தில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

பழைய கோபங்கள் வரும். வரட்டும். பார்வையாளர் நாளில் அம்மா தகர டின்னில் கொண்டுவந்த பயற்றம் பணியாரத்தை இரவோடிரவாகக் காலிசெய்தவள் இப்போது பல் வைத்தியர். எங்கள் எல்லோருக்கும் இனிப்பைக் குறைக்கச் சொல்கிறாள். பணியாரம் தன் ஞாபகத்திலேயே இல்லை என்கிறாள். நான் நம்பவில்லை. ஆனால் சிரிக்க முடியாத கோபங்களும் உண்டு. விடுதியில் ஒரு பிள்ளையை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கிவைத்திருந்தால், அவள் வரமாட்டாள், ஏன் வரவில்லை என்று குழுவில் பகிரங்கமாகக் கேட்பதும் கொடுமை. தனியாக ஒருவர் தொலைபேசியில் கதைப்பது போதும். வந்தால் சந்தோசம்.

பழைய மாணவிகள் சங்கத்தின் கொழும்புக் கிளைக் கூட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே தலைவர், செயலாளர், கணக்கறிக்கை, கட்டட நிதி எல்லாம் இருக்கும். தேவையானதுதான், ஆனால் வேறு சங்கதி.

வட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை வணக்கப் படங்களைத் தாங்கிக்கொள்ளுங்கள், அரசியலுக்குப் பதில் எழுதாதீர்கள்.

என்ன கொண்டுபோவது என்று கேட்டிருந்தீர்கள். பரிசு வேண்டாம். ஒருத்தி கொண்டுவந்தால் அடுத்த வருடம் எல்லோரும் கொண்டுவர வேண்டிவரும், பிறகு யாருடையது பெரிது என்று பார்ப்பார்கள். உங்களிடம் பழைய வகுப்புப் படமோ விடுதிப் படமோ இருந்தால் அதைக் கொண்டுபோங்கள். 1995இல் வீட்டை விட்டு நடந்தவர்கள் பலருக்குச் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தங்கள் முகம் பன்னிரண்டு வயதில் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வழியில்லாதவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். கைபேசியில் படமெடுத்து அனுப்பினால் போதாது, அது காலை வணக்கங்களுக்குள் காணாமல் போய்விடும். ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்துத் தெளிவாக ஸ்கான் செய்து ஆளுக்கொரு பிரதி காகிதத்தில் எடுங்கள். பின்பக்கத்தில் நின்ற வரிசைப்படி பெயர்களை எழுதிவிடுங்கள். இந்தச் செலவைத் தாராளமாகக் குழுக் கணக்கில் போடலாம். சாப்பாட்டுக் கணக்கில் பத்து ரூபாய்க்கு வாதாடுகிறவர்களும் இதற்கு மறுபேச்சில்லாமல் கொடுப்பார்கள்.