ஓட்டமும் உதவியும்: வாசகர் கேள்வி – பதில்

ஊருக்கு ஊர் ஓட்டங்கள் வரிசைகட்டும் பருவம் இது. வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை நன்கொடை ஓட்டங்களைப் பற்றியவை. பரிசும் பதக்கமும் வேண்டாம், காலையில் நிம்மதியாக ஓடினால் போதும் என்பவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

நற்பணிக்காக நடக்கும் 10 கி.மீ. ஓட்டத்துக்கு 900 ரூபாய் கட்டியிருக்கிறேன். இந்தப் பணம் அப்படியே தொண்டு நிறுவனத்துக்குப் போகுமா? வருமான வரியில் காட்டலாமா?
– வாசகர், ஈரோடு

அப்படியே போகாது, வரியிலும் காட்ட முடியாது. நுழைவுக் கட்டணம் நீங்கள் பெறுகிற பொருளுக்கும் சேவைக்குமான விலை. டி-ஷர்ட், பதக்கம், எண் அட்டை, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் நேரம் பதியும் சிப், வழியில் தண்ணீர், ஆம்புலன்ஸ், சாலைத் தடுப்பு, தற்காலிகக் கழிப்பறை, முடித்ததும் கிடைக்கும் பொங்கல் வரை எல்லாம் அதிலிருந்துதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் பணம் எந்த வழியில் போகிறது என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். கோவை மாரத்தானை 2013 முதல் நடத்திவருவதே கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைதான். திரளும் தொகை அதன் பணிகளுக்குப் போகிறது. 2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தானில் ஏற்பாடு வேறு. ஓடுகிறவர் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துத் தன் வட்டாரத்தில் நிதி திரட்டுகிறார். அது யுனைடெட் வே மும்பை என்ற அமைப்பு வழியாகப் போய்ச்சேர்கிறது. லண்டன் மாரத்தானில் தொண்டு நிறுவனங்களே ஓட்ட இடங்களை வாங்கி வைத்துக்கொண்டு, இவ்வளவு திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்பவர்களுக்குக் கொடுக்கின்றன.

அமைப்பாளரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேளுங்கள்: "ஒவ்வொரு கட்டணத்திலும் இத்தனை ரூபாய் என்று ஒதுக்குகிறீர்களா, செலவு போக மிஞ்சுவதைக் கொடுக்கிறீர்களா?" முதலாவது உறுதியான தொகை. இரண்டாவதில் விளம்பரதாரர் கிடைக்காத ஆண்டில் மிச்சம் பூஜ்யமாகவும் இருக்கலாம். போன ஆண்டு யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத் தயங்குகிற இடத்தில், ஓட்டத்துக்காக மட்டும் பதிவு செய்யுங்கள். நன்கொடையை நேராக நிறுவனத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

அப்படித் தனியாகக் கொடுப்பதற்கு வரிக்கழிவு உண்டு. நிறுவனத்துக்கு, நன்கொடை வரிக்கழிவுக்கான பதிவு (80ஜி என்று வழங்குவது) இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் பாதித் தொகைக்குத்தான் கழிவு. அதற்கும் வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு உண்டு. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே இது பொருந்தும். கொடுக்கும்போதே பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கையில் இருக்கும் ரசீது மட்டும் போதாது. வருமான வரித் துறைத் தளத்திலிருந்து நிறுவனம் எடுத்துத் தரும் நன்கொடைச் சான்றிதழ் வேண்டும். அதற்குத்தான் பான் எண்.

குழந்தைகள் மருத்துவமனைக்காக ஓடி 50,000 ரூபாய் திரட்ட ஆசை. ஆனால் நண்பர்களிடம் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வெளிநாட்டு உறவினர்களிடமும் கேட்கலாமா?
– வாசகி, திருச்சி

முதல் பணம் உங்களுடையதாக இருக்கட்டும். பூஜ்யத்தில் நிற்கிற இணைய நன்கொடைப் பக்கத்தில் முதல் ஆளாகப் பணம் போட எல்லோருக்கும் தயக்கம் உண்டு. 2,000 ரூபாய் நீங்கள் போட்டு, நெருங்கிய ஐந்து பேரிடம் போனில் பேசிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு மற்றவர்களுக்கு ஆளுக்கொரு செய்தியாக, பெயர் சொல்லி அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரே பதிவாகப் போட்டால் வாழ்த்தும் கைகூப்பும் குவியும், பணம் வராது. இருநூறு பேருக்குப் பொதுவாகச் சொன்னதை யாரும் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை.

செய்தி இந்த அளவு இருந்தால் போதும்: "அக்கா, ஜனவரி முதல் ஞாயிறு 10 கி.மீ. ஓடுகிறேன். குழந்தைகள் வார்டுக்காக 50,000 திரட்டுகிறேன், இதுவரை 14,000 வந்திருக்கிறது. உங்களால் 500 ரூபாய் முடியுமா? இணைப்பு கீழே. பணம் நேராக மருத்துவமனை அறக்கட்டளைக்குப் போகும்." தொகையைச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல்தான் பலர் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள்.

டெரி ஃபாக்ஸ் கேட்டதும் இப்படித்தான். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த அந்தக் கனடா இளைஞர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு நியூஃபவுண்ட்லாந்தில் ஓடத் தொடங்கினார். புற்றுநோய் ஆய்வுக்காக ஒவ்வொரு கனேடியரிடமும் ஒரு டாலர், அவ்வளவுதான் அவர் வேண்டியது. நாளுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாளில் 5,373 கி.மீ. கடந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது தெரிந்து, தண்டர் பே அருகே நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 பிப்ரவரிக்குள் நிதி 2.4 கோடி டாலரைத் தாண்டியது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் அவ்வளவுதான். அந்த ஜூன் மாதம் அவர் இறந்தார், வயது 22. அவர் பெயரில் நடக்கும் ஓட்டங்களில் இன்றும் போட்டி கிடையாது, முதல் பரிசு கிடையாது. நடந்தும் போகலாம்.

ஓட்டத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். ஓடி முடித்த அன்று மாலை ஒரு படத்தோடு மறுபடி கேளுங்கள். மறந்துபோனவர்கள் அப்போது கொடுப்பார்கள். ஆகவே நன்கொடைப் பக்கத்தை உடனே மூடிவிட வேண்டாம். உங்கள் சொந்த ஜிபே எண்ணில் மட்டும் வாங்காதீர்கள். கொடுத்தவர் பெயரில் சான்றிதழ் வராது. கணக்குச் சொல்ல வேண்டிய பாரமும் உங்கள் தலையில் விழும்.

வெளிநாட்டு உறவினர் விஷயத்தில் அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பதை விட, எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதுதான் முக்கியம். இந்தியக் குடியுரிமை உள்ள தம்பி துபாயில் இருந்தாலும், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாகக் கொடுக்கலாம். சிங்கப்பூர்க் குடிமகளாகிவிட்ட சித்தி கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்து, அதற்கென உள்ள தனிக் கணக்கில்தான் அதை வாங்க முடியும். இணைப்பை அனுப்பும் முன் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

47 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 5 கி.மீ. ஓட்டத்தில் கலந்துகொள்ள முடியுமா?
– வாசகர், மதுரை

முடியும், மருத்துவரைப் பார்த்துவிட்டு. இதயப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்லட்டும். கண்ணையும் பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை எது என்பதும் முக்கியம். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. கிளிமிபிரைடு வகையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் ஓடும் முன் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். பையில் எப்போதும் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத எரிச்சல் வந்தால் அங்கேயே நின்று அதைச் சாப்பிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட வேண்டாம். ஓடி வந்ததும் காலுறையைக் கழற்றிப் பாதத்தை விரல் இடுக்கு வரை பாருங்கள்; உணர்வு குறைந்த பாதத்தில் கொப்புளம் வலிக்காமலே புண்ணாகும்.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் போதும். முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்து முறை. அடுத்த இரண்டு வாரம் இரண்டுக்கு இரண்டு. அதன்பின் மூன்று நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது. அங்கிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தை இரண்டு நிமிடம் கூட்டினால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் 5 கி.மீ. கைக்கு வரும். ஓட்ட நாளிலும் இடையிடையே நடக்கலாம், அதில் குறையொன்றும் இல்லை. ஐந்தாவது ஆறாவது வாரத்தில்தான் கவனம் தேவை. மூச்சு அதற்குள் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுபவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் உள்பக்கம் வலி வருகிறது. வலி நீளவாக்கில் பரவியிருந்தால் ஒரு வாரம் ஓய்வும் பிறகு பாதித் தூரமும் போதும். ஒரு விரலால் தொட்டுக்காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் வலித்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

ஓடுவதில் ஆனந்தம் என்கிறார்கள். எனக்கு மூச்சிரைப்புதான் மிச்சம். எங்கே தவறு?
– வாசகர், சென்னை

வேகத்தில். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். புதிதாக ஓடுகிறவருக்கு ஒரு கி.மீ.க்கு எட்டு ஒன்பது நிமிடம் ஆவது சரியான வேகமே. வேகநடை நடப்பவர் உங்களைத் தாண்டிப் போகலாம், போகட்டும்.

அந்த மகிழ்ச்சிக்கு உடலில் காரணம் உண்டு. எண்டார்பின் என்று எல்லோரும் சொல்வது வழக்கம். ஆனால் ரத்தத்தில் கூடும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. உடலே சுரக்கும் எண்டோகேனபினாய்டு என்ற பொருள்கள் நுழையும். மிதமான வேகத்தில் அரை மணி நேரம் ஓடும்போது அவை கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. மூச்சுமுட்ட ஓடும்போது அப்படிக் கூடுவதில்லை. ஆக, மெதுவாக ஓடுகிறவருக்கே அந்தச் சுகம் கிடைக்கும். பதினைந்து இருபது நிமிடம் தாண்டும்போது தோள் தளரும், காலடிச் சத்தம் சீராகும், மனதில் ஓடிக்கொண்டிருந்த கணக்குவழக்கு அடங்கும். பலர் பத்தாவது நிமிடத்தில் களைத்து நின்றுவிடுவதால் அதைக் காண்பதே இல்லை.

சென்னையில் இன்னொரு சங்கதி, புழுக்கம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். அன்று அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும், ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்காதீர்கள், ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் அதன் அறிகுறிகள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் குடிப்பவர்களுக்கு வாந்திதான் வரும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடினால் தெருநாய்கள் துரத்துகின்றன. என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். துரத்துவது ஓடும் பொருளைத்தான். முதுகைக் காட்டாமல், கண்ணை உற்றுப் பார்க்காமல், மெல்ல விலகுங்கள். ஒரே தெருவில் தினமும் துரத்தினால் வழியை மாற்றிவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

எங்கள் பள்ளிக் கழிப்பறைக்காக முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 300 பேருடன் 5 கி.மீ. ஓட்டம் நடத்தப் போகிறோம். எதில் சறுக்கும்?
– முன்னாள் மாணவர் குழு, தஞ்சாவூர் மாவட்டம்

பெரும்பாலும் டி-ஷர்ட்டில். உத்தேசமாக 400 அடித்து, எல்லாம் நடுத்தர அளவாக மிஞ்சி, திரட்டிய பணம் அதில் முடங்கிவிடும். பதிவை மூன்று வாரம் முன்பே மூடி, அளவு வாங்கி, எண்ணி அடியுங்கள். டி-ஷர்ட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தால் இன்னும் நல்லது. கழிப்பறைக்கு அந்தப் பணம் போகும்.

காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் ஒரு மாதம் முன்பே வழித்தட வரைபடத்தோடு மனு கொடுங்கள். பள்ளியில் தொடங்கிப் பள்ளியிலேயே முடியும், இடதுபக்கத் திருப்பங்கள் மட்டும் உள்ள சுற்றுப்பாதை நல்லது, சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்காது. தூரத்தை போனை மட்டும் நம்பி அளக்காதீர்கள்; மரநிழலிலும் வளைவிலும் பிசகும். சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று டேப்பால் அளந்து, சுற்றுகளை எண்ணிச் சரிபாருங்கள்.

தண்ணீர் இரண்டாவது, நாலாவது கி.மீ.யிலும் முடிவிலும். வழியில் ஆளுக்கு 200 மி.லி. வீதம் ஒவ்வொரு இடத்துக்கும் 60 லிட்டர், முடிவில் 150 லிட்டர். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூட வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரைப் பாதிதான் நிரப்ப வேண்டும், நிறைந்தது கையில் சிந்தும். மேசைகளை நீளவாக்கில் போட்டால் ஒரே இடத்தில் கூட்டம் முட்டாது. குப்பைக்கூடையை மேசைக்குப் பக்கத்தில் வைக்காமல், ஐம்பது அடி தள்ளி வையுங்கள். குடித்து முடிக்கும்போது அங்கேதான் இருப்பார்கள். எண் அட்டைக்கு ஆளுக்கு நாலு ஊக்கு, ஆக 1,200. கடைசி நேரத்தில் ஊரில் கிடைக்காது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் ஆள், கடைசியாக வருபவரோடு ஒருவர் சைக்கிளில். 108-ஐ மட்டும் நம்பாமல், ஒரு செவிலியரையும் ஒரு வண்டியையும் முடிவுக்கோட்டில் நிறுத்திவையுங்கள். ஆறு மணிக்கு என்றால் ஆறுக்கே விடுங்கள். விருந்தினர் உரை முடிந்து ஏழரைக்குக் கிளம்பினால் கடைசியாக வரும் குழந்தைகளும் பெரியவர்களும் வெயிலில் மாட்டிக்கொள்வார்கள். உரையை ஓட்டத்துக்குப் பின் வையுங்கள்.

பணத்துக்கு இருவர் கையெழுத்துள்ள தனி வங்கிக் கணக்கு வேண்டும். வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, இரண்டு வாரத்துக்குள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு விளம்பரதாரரைத் தேடும்போது முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.