கண் மின்னினால் சுடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேல்ஸில் செம்மறிப் பண்ணை ஒன்றில் வேலை செய்யும் மருமகன், இரவில் பெரிய டோர்ச் அடித்து நரி சுடப் போகிறாராம். வெளிச்சத்தில் கண் கூசி நிற்கும் சீவனைச் சுடுவது பாவமில்லையா? – வெள்ளவத்தை வாசகி

பதில்: அங்குள்ளது செந்நரி; நம்மூர் நரிக்குத் தூரத்து உறவு. குளிர்கால மயிரில் பருத்துத் தெரிந்தாலும் நிறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கிலோதான். காணிக்காரரின் சம்மதமும் துவக்குக்கு அனுமதியும் இருந்தால், அதை இரவில் விளக்கு வைத்துச் சுட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் இடம் கொடுக்கிறது. அதே வயலில் நிற்கும் மானை இரவில் சுட்டால் குற்றம்.

கண் கூசி நிற்கிறது என்பது அவ்வளவு சரியில்லை. புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கத்துவது போலச் சத்தம் எழுப்புவார்கள். இரை என்று நினைத்து நரி தானாகவே கிட்ட வரும். ஒளியின் நடுப்பகுதியை அதன்மேல் போடாமல் ஓரத்தை மட்டும் படவிடுவார்கள். சிவப்புக் கண்ணாடி மாட்டினால் நரிக்கு அந்த வெளிச்சம் மங்கலாகவே தெரியும். ஒருமுறை குறி தப்பிய நரி, அடுத்த தடவை விளக்கைக் கண்டதும் ஓடிவிடும்.

ஆக, இது ஏமாற்றுத்தான். ஆனால் நாங்கள் முதலில் பார்ப்பது அந்த உயிர் எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதை. நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதை ஆராய்ந்த பேர்ன்ஸ் பிரபுவின் குழு 2000ஆம் ஆண்டு பிரித்தானிய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. நரியைக் கொல்லும் எந்த முறையும் குறையற்றதல்ல என்று சொன்ன அந்தக் குழு, பொருத்தமான இடத்தில் ஒழுங்காகச் செய்தால் விளக்கும் ரைபிளும் நாய் வேட்டையைவிடக் குறைந்த துன்பமே தரும் என்றது. ஒரே வெடியில் பல சன்னங்களைச் சிதறவிடும் ஷொட்கன் விடயத்தில் அதற்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை.

மருமகனிடம் அந்த 'ஒழுங்காக' என்பதைப் பற்றிக் கேளுங்கள். நரி பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை பொறுக்கிறாரா? இதயமும் நுரையீரலும் இருப்பது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, ஓர் உள்ளங்கை அகலத்துக்குள். நேரே பார்த்து நிற்கும் நரியில் அந்த இடம் இன்னும் ஒடுங்கிவிடும். ரைபிளை வாகனத்தின் பொனட்டிலோ கவட்டுத் தடியிலோ சாய்த்து வைக்கிறாரா? வெறுங்கையில் தூக்கிப் பிடித்து இரவில் சுடுவது சூதாட்டம். .223, .243 போன்ற ரவைகள் நரிக்குப் போதும். முயலுக்கான .22 ரிம்பயரைக் கொண்டு தூரத்தில் சுட்டால் காயம்தான் மிச்சம். அந்தச் சின்ன ரவையே ஒரு கிலோமீற்றருக்கு மேல் பறக்கும் என்பதால் நரிக்குப் பின்னால் மண்மேடு தெரிய வேண்டும். மேட்டு உச்சியில் வானத்தோடு ஒட்டி நிற்கும் நரியைச் சுடவே கூடாது. வெடி வைத்த பிறகும் விளக்கை எடுக்கக் கூடாது. அடுத்த ரவையை ஏற்றிக்கொண்டு, விழுந்த இடத்தைக் கண்ணால் பிடித்து வைக்க வேண்டும். அங்கே நரி இல்லை, இரத்தம் மட்டும் இருந்தால் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். "காலையில் பார்க்கலாம்" என்று வீட்டுக்குப் போகிறவர் துவக்கைத் தொடாமலிருப்பது நல்லது.

கேள்வி: இருட்டில் மின்னும் கண்ணை வைத்து நரி என்று எப்படிச் சொல்கிறார்கள்? – கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: கண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நரியின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. நாய், பூனை, செம்மறி, மான் எல்லாவற்றுக்கும் அது உண்டு. பார்க்கும் கோணம் மாற நிறமும் மாறுவதால் "பச்சையென்றால் ஆடு, வெள்ளையென்றால் நரி" என்ற கணக்கு உதவாது. மனிதக் கண்ணில் அந்தப் படலம் இல்லை. பக்கத்து வயலில் ஈனும் மாட்டைப் பார்க்க வந்த கமக்காரரின் கண் மின்னவே மின்னாது. கூர்க்காது, ஒடுங்கிய மூஞ்சி, பருத்த வால் மூன்றும் தெரியாமல் விசையில் விரல் போகக் கூடாது.

இப்போது பலர் வெப்பத்தைப் படமாகக் காட்டும் கருவிக்கு மாறிவிட்டார்கள். தேடுவதற்கு அது அருமை. ஆனால் குறுக்கே உள்ள கம்பியையும் சுள்ளியையும் பல நேரம் காட்டாது. பின்னால் மேடா வெளியா என்பதும் தெளிவாகத் தெரியாது. அதனால் கண்டுபிடிக்க ஒன்று, உறுதிப்படுத்த இன்னொன்று என்று வைத்திருப்பதே முறை.

கேள்வி: குட்டி போடும் காலத்திலும் சுடுகிறார்களா? – தெகிவளை வாசகி

பதில்: சுடுகிறார்கள். செந்நரிக்கு அங்கே தடைக்காலம் கிடையாது. சிக்கல் என்னவென்றால், செம்மறிகள் பெருமளவில் ஈனும் மார்ச், ஏப்ரலில்தான் பெண் நரியும் குட்டி போடுகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் குட்டிகளால் தம் உடற்சூட்டைக் காக்க முடியாது; நாலு வாரமளவில்தான் வளைக்கு வெளியே தலைகாட்டும். தாயை ஏப்ரலில் சுட்டால் உள்ளே குட்டிகள் பட்டினியில் சாகும். மயிர் உதிர்ந்து முலை தெரியும் நரி விழுந்தால் அன்றிரவே வளையைத் தேடுவது சுட்டவரின் கடமை. கட்டாயம் சுடத்தான் வேண்டுமென்றால், ஆடு ஈனுவதற்கு முன்னே, குளிர்காலத்தில் முடித்துக்கொள்வது மேல்.

ஈனும் பட்டியில் நரி நிற்பதே குற்றத்துக்குச் சாட்சியாகாது. அது இளங்கொடியைத் தின்னவும், செத்துப் பிறந்ததைத் தூக்கவும் வரும். செத்த குட்டியின் கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள்: கடித்த இடத்தில் தோலுக்கடியில் இரத்தம் கன்றியிருந்தால் உயிரோடு கடிபட்டது, வெளுத்திருந்தால் செத்த பிறகு கடித்தது. நன்றாக இருந்த குட்டிகளில் நரி கொண்டுபோவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்பதே பேர்ன்ஸ் அறிக்கையின் கணக்கு. குளிரும் பால் கிடைக்காமையும் கொல்வது அதைவிட அதிகம்.

கேள்வி: சுட்டால் நரி குறையுமா? – மருதானை வாசகர்

பதில்: அந்தப் பட்டியில் சில வாரம் குறையும். பிறகு காலியான எல்லைக்குள் இளசு ஒன்று வந்துவிடும். 2001இல் ஆடுமாடுகளுக்குக் கால்-வாய் நோய் பரவியதால் பிரித்தானியாவில் நாய் வேட்டை பல மாதம் நின்றது. அதனால் நரி பெருகியதாக ஆய்வில் தெரியவில்லை. தொல்லை கொடுக்கும் ஒரு நரியைச் சுடுவதில் நியாயம் உண்டு. வாரக்கடைசியில் எண்ணிக்கை காட்டச் சுடுவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

கேள்வி: ஒரே இரவில் ஏழு கோழி போய்விட்டது. டோர்ச் அடித்தபோது வேலியோரம் இரண்டு கண் மின்னின. எயார் ரைபிளால் சுடலாமா? – பத்தரமுல்லை வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. அது சட்டப் பாதுகாப்புள்ள விலங்கு. மரநாயாகவோ தெருநாயாகவோ இருக்கவும் இடமுண்டு. எயார் ரைபிள் எதையும் உடனே கொல்லாது. தப்பிய சன்னம் அடுத்த வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும்.

யார் வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். கூட்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு அரித்த மணலைப் பரப்பி, ஈரக்கையால் மட்டமாக்கி விடுங்கள். காலையில் தடத்தின் நுனியில் நகக்குறி இருந்தால் பெரும்பாலும் நாயினம். நாலு விரல் மட்டும், நகமில்லாமல் வட்டமாக இருந்தால் பூனையினம். ஐந்து விரல் என்றால் மரநாய் அல்லது கீரி. ஏழு கோழி போனதற்குக் காரணம் வன்மமில்லை. கூட்டுக்குள் கோழி பறந்து தப்ப முடியாது. படபடப்பு அடங்கும்வரை கடிப்பது நின்றபாடில்லை.

கோழி வலையை இவை பல்லாலேயே கிழித்துவிடும். அரை அங்குல வெல்ட் மெஷ் வாங்கி, அடியில் ஓரடி மண்ணுக்குள் புதைத்து, நுனியை வெளிப்பக்கமாக மடியுங்கள். தோண்டுகிற விலங்கு வேலியடியில்தான் தோண்டும், அங்கே கம்பி தட்டும். கூரையும் மூட வேண்டும், மரநாய் மேலாலும் வரும். வெறும் கொக்கி போதாது, திருகிப் பூட்டும் கொண்டி போடுங்கள். கோழிகளை ஆறு மணிக்கு முன் அடைத்துவிடுங்கள்.