ஆர்வலர்கள் நடத்தும் பழைய இணையதளம் மூடப்படப் போகிறது. அதைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

தளத்தை நடத்துகிறவருக்கு வயதாகிவிட்டது, இந்த வருடத்தோடு நிறுத்தப் போகிறார், நாங்கள் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் நல்லபடியாகப் பேசுகிறார், கடவுச்சொல் அவருக்கு நினைவிருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் கோபிச்செட்டிப்பாளையத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகைதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையானால் பத்துப் பன்னிரண்டு பேர் வண்டி எடுத்துக்கொண்டு அன்னூர், காங்கயம், மூலனூர் என்று கிளம்பிவிடுவோம். புலிகுத்திக்கல் தேடத்தான். பட்டியைக் காக்கப் புலியோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலியின் வாயில் ஈட்டி பாய்ந்திருக்கும். எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். இந்தக் கற்களுக்கென்று 2002-ல் யாஹூவின் ஜியோசிட்டிஸ் சேவையில் இலவசமாகப் பக்கம் போட்டு ஆரம்பித்தார். 2009 அக்டோபர் 26-ல் யாஹூ அந்தச் சேவையை மூடியபோது, அதற்கு முன்பே எல்லாவற்றையும் தூக்கிச் சொந்த முகவரிக்குக் கொண்டு வந்தவரும் அவரே. அவ்வளவு விவரமான மனுசன், அந்தச் சொந்த முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் தன் பெட்டிக்கு மட்டுமே வரும்படி வைத்திருந்தார்.

2018-ல் அவர் காலமானார். காரியமெல்லாம் முடிந்து, நாலு மாதம் கழித்து ஒரு நாள் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம்.

'காம்' முகவரி காலாவதியானால் உடனே போய்விடாது. பதிவு செய்த நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசம் இருக்கும். அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் தீட்டிவிடுவார்கள். கடைசியாக 5 நாள். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய, நாலு பேர் இணைப்புக் கொடுத்திருக்கிற முகவரிக்கென்றே காத்திருக்கும் ஆட்கள் உண்டு. ஆகவே உங்கள் பெரியவரிடம் முதலில் கேட்க வேண்டியது, முகவரி எந்தத் தேதி வரை இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்பதை. முடிந்தால் குழுவில் இன்னொருவரையும் அந்தக் கணக்கில் சேர்த்து, பணம் திரட்டிப் புதுப்பியுங்கள். பத்து வருடம் வரை சேர்த்துக் கட்டலாம்.

எங்களுக்கு மிஞ்சியது, இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். பழைய முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தத் தேதியில் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று காலண்டர் மாதிரி காட்டும். எழுத்துப் பக்கங்கள் பெரும்பாலும் இருந்தன. படங்களில் சின்ன அளவு மட்டும்தான். சொடுக்கினால் வரவேண்டிய பெரிய படம் இல்லை. உங்கள் தளம் இன்னும் உயிரோடு இருப்பதால் நீங்களே முக்கியப் பக்கங்களை அதில் ஒவ்வொன்றாகச் சேமிக்கச் சொல்லலாம். சேமித்த பிறகு திறந்து, பெரிய படத்தைச் சொடுக்கிப் பாருங்கள். 'சேமிக்கப்பட்டது' என்று வந்ததை மட்டும் நம்பாதீர்கள்.

கூடவே ஹெச்டிடிராக் (HTTrack) மாதிரி ஒரு மென்பொருளில் முழுத் தளத்தையும் உங்கள் கணினிக்கு இறக்குங்கள். மெதுவாக ஓடவிடுங்கள், சின்ன சர்வர், ஒரே மூச்சில் இழுத்தால் படுத்துவிடும். ஆனால் வெளியே தெரிகிற பக்கங்கள்தான் இப்படி வரும். டேட்டாபேஸில் ஓடுகிற தளமென்றால் அதன் பிரதியைப் பெரியவர்தான் எடுத்துத் தர முடியும்.

நாங்கள் பெரிய படங்களுக்காகக் குன்னத்தூர்ப் பக்கம் வாத்தியார் தோட்டத்துக்குப் போனோம். அவர் வீட்டு அம்மா அட்டாலியிலிருந்து பழைய சீலை சுத்தின சிபியு ஒன்றை இறக்கச் சொன்னார். "இதுக்குள்ள என்ன கண்ணு இருக்குது? மனுசன் ராத்திரி பூரா இத மொறைச்சிட்டே உக்காந்திருப்பாரு" என்றார். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், நல்லவேளை, ஓடியது. படங்கள் எல்லாம் பெரிய அளவில். ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, கேமரா போட்ட வரிசை எண் மட்டும். எந்தக் கல் எந்த ஊர் என்று எங்களுக்கே தெரியவில்லை. எல்லாக் கல்லிலும் அதே ஆள், அதே புலி.

அப்போதுதான் வேபேக் பக்கத்தின் மூலநிரலைப் பிரித்துப் பார்த்தேன். படம் வரவில்லை என்றாலும் அந்த இடத்தில் வரவேண்டிய கோப்பின் பெயர் அதில் எழுதியிருக்கும். அதே கேமரா எண். அதை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினோம், மூன்று மாத ராத்திரி வேலை.

பழைய பக்கங்களில் இன்னொரு சிக்கல். 2004 வரை வாத்தியார், யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி எழுத்துருவில் அடித்திருந்தார். இன்றைக்குத் திறந்தால் கோணல்மாணல் குறிகள். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் தெளிவாக இருக்கும். ஒரு வரியில் '12' மட்டும் புரியும், எதிலிருந்து 12 கிலோமீட்டர் என்று தெரியாது. திஸ்கியில் 'கெ' என்றால் கொம்பு முதலில், 'க' பிறகு, கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் 'க' முதலில். டைப்ரைட்டரில் கொம்பை முதலில் அடித்து வளர்ந்த எனக்கு இது பழகிய சங்கதி. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்றவை நொடியில் மாற்றிவிடும். மாற்றும்போது பழைய கோப்பை அழிக்காதீர்கள், அது அப்படியே ஒரு பக்கம் இருக்கட்டும்.

எழுத்து வந்த பிறகுதான் விசயமே தெரிந்தது. தாராபுரம் ரோட்டோரக் கல் ஒன்றுக்கு வாத்தியார் எழுதியிருந்தது: "ஆலமரத்துக்கு மேக்கால, வாய்க்கா ஓரம். ஆடு மேய்க்கிற ஆத்தா சொன்னது, தை நோம்பிக்குப் பொங்கல் வெச்சு இதுக்கும் ஒரு எலை போடுவோம்." ரோடு அகலமானதில் ஆலமரம் போய்விட்டது, வாய்க்காலை மூடிவிட்டார்கள், கல்லைத் தள்ளி வேறெங்கோ வைத்திருக்கிறார்கள். எங்கே நின்றது, யார் கும்பிட்டார்கள் என்பதற்கு இந்த இரண்டு வரிதான் இருக்கிறது. படத்தை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டுவிட்டுக் காப்பாற்றியாயிற்று என்று இருக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சரியான இடக்குறிப்பை நாங்கள் பொதுவில் போடவில்லை. கல்லுக்கடியில் புதையல் இருக்கும் என்று ராத்திரியில் கடப்பாரையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துக்காரர்களின் போன் நம்பர்களையும் எடுத்துவிட்டோம். முழுப் பிரதி மூன்று பேர் வீட்டில், மூன்று டிஸ்கில் இருக்கிறது. எடுத்தவர்கள் சம்மதித்த படங்களை மட்டும், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினோம்.

எந்தப் பக்கத்தோடும் பொருந்தாமல் 31 படங்கள் மிஞ்சின. பிரிண்ட் எடுத்துக் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். போன ஆவணியில் பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் புரூப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு படத்தின்மேல் விரலை வைத்தார். "ஏனுங்க, இது எங்க பெரியப்பன் கட்டுத்தறிக்குப் பொறகால கெடக்கற கல்லாச்சுங்களே!"

இப்போது 30.