$3 காலி என்று பெர்ல் எச்சரித்தால்

கேள்வி: திருப்பூரில் நூல் வரவுக் கணக்கு பார்க்கிறேன். “30 கவுண்ட் 12 பை ஈரோடு” என்பது போன்ற சலான் வரிகளை பெர்ல் நிரல்மொழி ஸ்கிரிப்டால் பிரிக்கிறேன். பேட்டர்ன் (ரெஜெக்ஸ்) இது:

/([0-9]+) கவுண்ட் ([0-9]+) பை(?: (ஈரோடு|கோவை))?/

சில வரிகளுக்கு ‘யூஸ் ஆஃப் அன்இனிஷியலைஸ்டு வேல்யூ $3’, அதாவது ஊரைப் பிடிக்கும் $3-இல் மதிப்பில்லை, என்று எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கைகளை அணைக்கும் ‘நோ வார்னிங்ஸ்’ போட்டு நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த எச்சரிக்கையின் கடைசியில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஸ்கிரிப்டின் வரி எண். காற்புள்ளிக்குப் பின் வருவது, அந்த நேரத்தில் படித்துக்கொண்டிருந்த ஃபைலின் வரி எண். அந்த இரண்டாவது எண்ணை வைத்துச் சலான் வரியை எடுத்துப் பாருங்கள்.

வரியில் ஊரே இல்லையென்றால் காரணம் எளிது. பேட்டர்னின் கடைசிக் கேள்விக்குறி ‘ஊர் இல்லாவிட்டாலும் சரி’ என்கிறது. ஆகவே வரி பொருந்திவிடும், $3 மட்டும் மதிப்பில்லாமல் நிற்கும். $3-ஐ $ஊர் என்ற மாறியில் வாங்கி, $ஊர் //= 'குறிப்பிடவில்லை' என்று எழுதினால் போதும்; மதிப்பே இல்லாதபோது மட்டும் அது நிரப்பும். இந்த // பெர்ல் 5.10 முதல் உண்டு. பழைய || வேண்டாம். பை எண்ணிக்கை போன்ற இடத்தில் உண்மையான 0 வந்தால் அதையும் அது தள்ளிவிடும்.

ஊர் இருந்தும் $3 காலியா? அங்கேதான் கவனம் வேண்டும். ‘பல்லடம்’ என்று இருந்தாலும், ஊருக்கு முன் இரண்டு இடைவெளி இருந்தாலும் அந்தக் கேள்விக்குறி சத்தமில்லாமல் விட்டுவிடும். தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ‘ஈரோடு’, ‘கோவை’ இரண்டிலும் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ரெஜெக்ஸுக்கு அவை வேறு வேறு சொற்கள். ஸ்கிரிப்டில் ‘யூஸ் யூடிஎஃப்8’ போட்டு, ஃபைலையும் யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்து, ஒவ்வொரு வரியையும் யூனிகோட்::நார்மலைஸ் மாட்யூலின் என்எஃப்சி ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள்; இரண்டு குறியீடாக இருப்பதை அது ஒன்றாக்கிவிடும். பேட்டர்னில் உள்ள ஊர்ப்பெயர்களும் ஒற்றைக் குறியீட்டு வடிவிலேயே இருக்கட்டும்.

பேட்டர்னின் இறுதியில், வரி முடிவைக் குறிக்கும் $ சேர்ப்பதும் அவசியம். அப்போது தெரியாத ஊர் உள்ள வரி முழுதாகவே பொருந்தாமல் போய்க் கண்ணில் படும். விண்டோஸில் சேமித்த ஃபைலை லினக்ஸில் படிக்கும்போது வரி முடிவுக் குறியை நீக்கும் ‘சாம்ப்’ செய்த பிறகும் வரி முனையில் கேரேஜ் ரிட்டர்ன் (\r) என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முதலில் நீக்காவிட்டால் $ சேர்த்ததும் எந்த வரியும் பொருந்தாது.

எச்சரிக்கையே வராத தவறு இதைவிட மோசம். பொருந்தாத ரெஜெக்ஸ், $1-இல் முன்பிருந்த மதிப்பை அழிப்பதில்லை. அதே பிளாக்கில் சற்று முன் சலான் எண் 4417-ஐ இன்னொரு ரெஜெக்ஸால் எடுத்திருந்து, கவுண்ட் ரெஜெக்ஸ் பொருந்தாமல் போனால், $1-இல் 4417 அப்படியே இருக்கும். அதுவே கவுண்டாகப் பதிவாகிவிடும். ஆகவே $1, $2 என்று தனியாகத் தொடாமல் நேராகப் பெயரிட்டு வாங்குங்கள்:

($கவுண்ட், $பை, $ஊர்) = $வரி =~ /.../

முன்னால் ‘மை’ சேர்த்து இதை அப்படியே ‘இஃப்’ அடைப்புக்குள் வையுங்கள். பொருந்தினால்தான் உள்ளே போகும். ஊர் மட்டும் காலியாக இருந்தாலும் போகும். ‘எல்ஸ்’ பகுதியில் பொருந்தாத வரியை வரி எண்ணோடு தனி ஃபைலில் எழுதுங்கள். ஓட்டிப் பார்க்க நான்கு வரிகள் போதும்: ஊர் உள்ளது, ஊர் இல்லாதது, பல்லடம் என்று முடிவது, வெற்று வரி. கடைசி இரண்டும் அந்தத் தனி ஃபைலுக்குப் போக வேண்டும்.