5 கி.மீ. ஓட்டத்தை 35 நிமிடத்துக்குள் முடிக்க என்ன செய்வது? இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

கேட்டிருப்பவருக்கு வயது 41. உள்ளூர் ஓட்டத்தில் இரண்டு முறை ஓடி, இரண்டு முறையும் 37 நிமிடம் சொச்சம். வீட்டில் "பரிசா கொடுக்கப் போறாங்க, எதுக்கு இந்த வேலை" என்கிறார்களாம். பெயர் போடவில்லை. ஆனால் 'காலையில் குக்கரை வைத்துவிட்டுத்தான் ஓடக் கிளம்புகிறேன்' என்ற வரியைப் பார்த்ததும் பெண் என்றே முடிவு செய்துவிட்டேன். ஆணாக இருந்தால் மன்னிக்கவும், குக்கர் வைத்ததற்குப் பாராட்டுகள்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 35 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம். நீங்கள் இப்போது கிட்டத்தட்ட 7:25இல் ஓடுகிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேகமாக, 400 மீட்டர் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி 400, இப்படி ஆறு தடவை. மற்ற நாட்களில் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். ஒரு நாள் மட்டும் 7 அல்லது 8 கி.மீ. மெதுவாக. மூன்று மாதத்தில் வந்துவிடும், எனக்கு வந்தது. போட்டியன்று முதல் கிலோமீட்டரில் வாயைக் கட்டுவது போலக் காலைக் கட்டுங்கள். 7:05, 7:05, 7:00, 6:55, 6:50. கூட்டிப் பாருங்கள், 34:55 வரும். நான் முதல் முறை ஓடியபோது பள்ளிக்கூடப் பையன்களோடு சேர்ந்து முதல் கிலோமீட்டரை 6:10இல் ஓடிவிட்டு, மூன்றாவதில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இரண்டாவது கேள்வி, 'இவ்வளவு மெனக்கெட வேண்டுமா' என்பது. அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோவை. வயது 44. கணபதி பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவு. மூன்று வருடம் முன்னால், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் 6.2 என்று வந்தது. சர்க்கரை இல்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறது என்றார் டாக்டர். அப்பாவுக்கு இருந்தது, பெரியப்பாவுக்குக் கால் விரலே எடுத்தார்கள், அதனால் பயம் எனக்குப் புதிதில்லை. ரேஸ்கோர்ஸில் நடக்க ஆரம்பித்தேன். ஒரு சுற்று சுமார் இரண்டரை கி.மீ. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடுவது, அப்புறம் இரண்டு கம்பம் நடப்பது என்று தொடங்கி, எட்டு மாதத்தில் இரண்டு சுற்று நிற்காமல் வந்தேன். சுற்றி முடித்துவிட்டு வாழைத்தண்டு சூப் குடிக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி.

முதல் போட்டியில் 41:20. அடுத்தது 38:05. அதற்கடுத்தது 36:10. எண் இறங்க இறங்க எனக்கு வெறி ஏறிவிட்டது. 35 நிமிடம் எல்லாம் ஒரு சாதனையா என்று கீழே யாராவது கேட்கத்தான் போகிறீர்கள், எனக்குத் தெரியும். கென்யாவின் பீட்ரிஸ் செபெட் 2024ஆம் ஆண்டின் கடைசி நாளில் பார்சிலோனா சாலையில் இதே 5 கிலோமீட்டரை 13 நிமிடம் 54 விநாடியில் முடித்தார். அந்த நேரத்தில் நான் 2 கிலோமீட்டரைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். தெரிந்துதான் ஓடுகிறேன். என் நாத்தனார் வீட்டுக்காரர் இருக்கிறார், சோபாவில் சாய்ந்துகொண்டு "முப்பத்தஞ்சு நிமிஷம்னா வேகமா நடந்தாலே போயிரலாமுங்களே" என்பார். ஒரு நாள் நடந்து காட்டுங்கள் என்று இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஜனவரியில் ஒரு உள்ளூர் ஓட்டம். யார் நடத்தியது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன், நல்ல மனிதர்கள்தான். கட்டணம் 600 ரூபாய். ஆறு மணிக்குக் கொடி அசைப்பு என்று போட்டிருந்தார்கள். ஐந்தரைக்கே போய் நெஞ்சில் நம்பர் அட்டையை நான்கு ஊக்கில் குத்திக்கொண்டு நின்றேன். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வரும்வரை மேடையில் ஒரு பையன் ஜும்பா ஆடச் சொன்னான். ஓட வைத்திருந்த தெம்பில் பாதியை அங்கேயே ஆடித் தீர்த்தவர்கள் உண்டு. பெண்களுக்கு இரண்டே இரண்டு நடமாடும் கழிப்பறை, ஒன்றில் தண்ணீர் இல்லை. டி-ஷர்ட் ஆண்கள் அளவுதான், எனக்குக் கொடுத்ததில் என் மகளும் நானும் சேர்ந்து நுழையலாம். 600 ரூபாய் வாங்குகிறவர்கள் ஒரு பெண்ணிடமாவது அளவு கேட்டிருக்கக் கூடாதா? விருந்தினர் 6:35க்கு வந்து, உடல்நலம் பற்றிப் பேசினார். வெயில் ஏறிவிட்டது.

ஆனாலும் அன்றைக்கு ஓட்டம் அமைந்தது. எப்போதாவது ஒரு நாள் தோசைக்கல்லில் எல்லாத் தோசையும் ஒட்டாமல் எழும் இல்லையா, அப்படி. மூச்சு சீராக இருந்தது. பாதி தூரத்தில் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு ஆரஞ்சு கூம்பு, பக்கத்தில் பச்சை டி-ஷர்ட் போட்ட கல்லூரிப் பையன், "அக்கா, இங்கயே திரும்புங்க, திரும்புங்க" என்று கையை வீசினான். திரும்பினேன். கடைசித் திருப்பத்தில், முடிவுக் கோட்டு வளைவின் மேலே இருந்த பெரிய கடிகாரத்தில் 33 என்று ஆரம்பிக்கும் ஒரு எண் தெரிந்தது. வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதுகொண்டே ஓடினேன். அந்தக் கடிகாரம் கொடி அசைத்ததிலிருந்து ஓடுவது, நம்முடைய நேரம் நம்பர் அட்டைக்குப் பின்னால் ஒட்டிய சிப் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்துதான் என்பதால் இன்னும் கொஞ்சம் குறையும் என்றும் தெரியும். போனில் வந்த முடிவு: 33:40.

கழுத்தில் பதக்கம், கையில் பொங்கல் தொன்னை. அப்போதுதான் கைக்கடிகாரத்தை நிறுத்த மறந்தது ஞாபகம் வந்து அழுத்தினேன். 4.76 கி.மீ. என்று காட்டியது.

ஜிபிஎஸ் முன்னே பின்னே இருக்கும் என்று சொல்வீர்கள். இருக்கும். ஆனால் சாலைப் போட்டியில் அது வழக்கமாகக் கூடத்தான் காட்டும், குறைவாக அல்ல. முறைப்படி ஒரு பாதையை அளப்பவர்கள் சைக்கிளின் முன் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற எண்ணியை மாட்டி, முதலில் நாடாவால் அளந்த ஒரு நேர்கோட்டில் ஓட்டி அதைச் சரிபார்த்துக்கொண்டு, வளைவுகளில் ஓரக் கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, இருப்பதிலேயே குறுகிய வழியாக ஓட்டி அளக்கிறார்கள். அதற்கு மேலும் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சேர்த்துவிடுகிறார்கள், தப்பித்தவறிக்கூடத் தூரம் குறைந்துவிடக் கூடாது என்று. நாம் யாரும் அந்தக் குறுகிய வழியில் ஓடுவதில்லை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அகலமாகத் திரும்புகிறோம். அதனால் சரியான 5 கி.மீ. பாதையில் என் கடிகாரம் 5.03, 5.05 என்றுதான் காட்டும். இதுவரை ஓடிய மூன்று போட்டியிலும் அப்படித்தான்.

அன்று மாலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய வரைபடத்தில் திரும்புமிடம் ஒரு ஏடிஎம் வாசல். கூம்பு வைத்திருந்தது அதற்கு முன்னால் இருக்கிற பேக்கரி வாசலில். பேக்கரிக்காரரைக் கேட்டேன். "போலீஸ்காரர் பஸ் திரும்ப எடம் வேணும்னு தள்ளி வெக்கச் சொன்னாருங்க" என்றார். டீ குடித்துவிட்டு, காலடி வைத்து எண்ணிப் பார்த்தேன். ஏறக்குறைய 120 மீட்டர். போக 120, வர 120. என் கடிகாரம் சொன்ன 240 அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு தொகை டேலி ஆனால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது அன்றைக்கு வயிற்றைக் கலக்கியது. அதே வேகத்தில் மிச்சத்தையும் ஓடியிருந்தால் 1 நிமிடம் 42 விநாடி. 33:40உடன் கூட்டினால் 35:22. அதாவது நான் 35க்குள் வரவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "மேடம், எல்லாருக்கும் ஒரே தூரம்தானே", "என்ஜாய் பண்ணுங்க மேடம்", ஒருவர் கைகூப்பும் பொம்மை. இன்னொருவர், "240 மீட்டருக்கு இவ்வளவா?" அவருக்கு அங்கே பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். புதுக்கோட்டை லட்சுமணன், 2017இல் புவனேஸ்வர் ஆசியத் தடகளத்தில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். உள்பக்கக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார் என்று வெண்கலத்தைப் பறித்துக்கொண்டார்கள். அவருக்குக் காலடிக் கணக்கு. எங்களுக்கு ஒரு பேக்கரி அளவுக்கு விட்டுக்கொடுக்கலாமாம். அவர் எங்கே நாம் எங்கே என்பீர்கள். எண் எல்லாருக்கும் எண்தான்.

இதைத் தனிப்பட்ட கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இலவசமாகத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற பிள்ளைகள் மேல் எனக்கு ஒன்றுமில்லை, அந்தப் பச்சை டி-ஷர்ட் பையன் பாவம், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான். ஆனால் இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் 'பாசிட்டிவா எடுத்துக்கங்க' என்கிறார்கள். ஆபீஸிலும் இதே கதை. 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கலுக்கு விற்பனைப் பிரிவு பில் கொடுக்காமல் 19ஆம் தேதி ராத்திரி வரை இழுத்துவிட்டு, இரண்டு இன்வாய்ஸ் காணோம் என்று நான் கேட்டால் "அக்கா, சின்ன அமௌண்ட்தானே" என்பான் ஒரு தம்பி. சின்னது பெரியது என்று போர்ட்டலுக்குத் தெரியாது தம்பி. சரி, இது வேறு பஞ்சாயத்து.

வீட்டில் என்ன நடந்தது என்றால், அவர் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். மாமியார், ஆச்சரியம், "அவளுக்குத் தெரியாதா, அவ ஓடுனது அவளுக்குத் தெரியும், உடு" என்று முடித்துவிட்டார். சான்றிதழ் பீரோவில் கேஸ் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு நேரு ஸ்டேடியம் போனேன். 400 மீட்டர் சுற்றுக்குக் கூம்பும் கிடையாது, பேக்கரியும் கிடையாது. 5,000 என்றால் பன்னிரண்டரைச் சுற்று, அரைச் சுற்றை முதலில் ஓடிவிட வேண்டும். சுற்றுக்கு 2:48 வந்தால் சரியாக 35 நிமிடம். எண்ணுவதற்கு மகளின் இடது கையில் 12 புளியங்கொட்டை கொடுத்தேன். முதல் அரைச் சுற்றைச் சேர்க்காமல், நான் ஒவ்வொரு முழுச் சுற்று முடித்து அவளைத் தாண்டும்போதும் ஒன்றை வலது கைக்கு மாற்ற வேண்டும். வேறு யாரும் இல்லை, தடை தாண்டிப் பழகும் ஒரு பெண்ணும் அவள் பயிற்சியாளரும் மட்டும். ஏழாவது சுற்றிலிருந்து எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, காதுக்குள் மூச்சுதான். கடைசிச் சுற்றில் அந்தப் பெண் சும்மா இருக்காமல் "வாங்கக்கா வாங்கக்கா" என்று பக்கத்தில் கொஞ்ச தூரம் ஓடி வந்தாள். முடித்து, புல்லில் விழுந்து, கடிகாரத்தைப் பார்த்தேன். 34:46.

மகள் இடது கையை விரித்துக் காட்டினாள். ஒரு புளியங்கொட்டை மீதி.

"அம்மா, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு."

அவளை அடிக்கவில்லை, எழுந்திருக்கத் தெம்பு இருந்தால்தானே. அங்கேயே கடிகாரத்தில் சுற்றுப் பதிவைத் திறந்து, பேங்க் ஸ்டேட்மெண்ட் சரிபார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் படித்தேன். 13 பதிவுகள். முதலாவது அரைச் சுற்று, 1:21. மற்ற பன்னிரண்டும் 2:44க்கும் 2:51க்கும் நடுவில். ஒரு சுற்றுக் குறைந்திருந்தால் 12தான் இருக்க வேண்டும். "எட்டாவது சுத்துல என்ன பண்ணிட்டு இருந்தே?" என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ரீல்ஸ் ஒண்ணு வந்துச்சு" என்றாள்.

ட்ராக்கில் தனியாக ஓடியது போட்டியா, சாட்சி யார், ரோட்டில் ஓடினால்தானே கணக்கு என்று கேட்பவர்களுக்கு: சரிதான், அது போட்டி இல்லை. எங்கேயும் சான்றிதழ் கேட்கவில்லை, ஸ்டேட்டஸிலும் போடவில்லை. அந்தப் பன்னிரண்டு கொட்டையையும் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் 'எதுக்கு இந்த வேலை' என்று கேட்பவர்களுக்கும் என்னிடம் வேறு பதில் கிடையாது. சர்க்கரை இப்போது 5.6, அதைச் சொன்னால் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் நான் ஓடுவது அதற்காக மட்டும் இல்லை என்பதால் அதைச் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை.

ரோட்டிலும் ஒரு முறை 35க்குள் வர வேண்டும் என்று ஆசை இருக்கிறது. டிசம்பரில் வேறொரு ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பணம் கட்டும் முன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன்: பாதையை யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள், திரும்புமிடத்தில் கூம்பை யார் வைப்பார்கள். நீங்களும் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. 'வணக்கம் மேடம், எம் சைஸ் தீர்ந்துவிட்டது, எக்ஸ்எல் ஓகேவா?'