குளிர் எத்தனாலில் இலைச்சாறு இறக்க ஐஸ்பெட்டி போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வீட்டிலேயே சோப்பும் தைலமும் செய்து விற்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பச்சையமும் மெழுகும் அதிகம் இறங்காமல் இலையின் வாசனையை எடுக்க, குளிரவைத்த எத்தனாலில் (சாராயத்தில்) இலையைப் போட்டு வடிக்கும் முறை இது.

அண்ணே, கையில் 300 வெள்ளி (ரிங்கிட்)தான் இருக்கு. பழைய ஃப்ரீசர் ஒன்று வருது, எத்தனாலைக் குளிரவைக்க வாங்கிடவா?

வேண்டாம் தம்பி. எத்தனால் ஏறக்குறைய 13 டிகிரிக்கு மேல் இருந்தாலே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். நீங்கள் உள்ளே வைக்கும்போது அது 30 டிகிரியில் இருக்கும். குளிர்ந்து இறங்குவதற்குள் மூடி கசிந்தால் ஆவி பெட்டிக்குள்ளேயே தேங்கும். வீட்டு ஃப்ரீசரின் தெர்மோஸ்டாட்டும் விளக்குச் சுவிட்சும் பொறி விடக்கூடியவை.

மீன்கடையில் தூக்கிப் போடும் பாலிஸ்டிரீன் பெட்டியை எடுங்கள். 6 கிலோ நொறுக்கின ஐஸுக்கு 2 கிலோ உப்பு, அடுக்கடுக்காக. கணக்குப்படி −21 வரை இறங்கும். நம் வெக்கையில் −12, −15 வந்தால் போதும். சிலிக்கான் வளையம் வைத்த எவர்சில்வர் தூக்கில் 2 லிட்டர் எத்தனாலை ஊற்றி, கழுத்து வரை புதைத்து வையுங்கள். இலையையும் தனி டப்பாவில் போட்டு அதே பெட்டியில் குளிர வையுங்கள். சூடான இலையைக் கொட்டினால் பாடுபட்ட குளிர் இரண்டு நிமிஷத்தில் போய்விடும்.

குளிரவைத்தும் சாறு கரும்பச்சையாகத்தான் வருது. ஏன் ஐயா?

மூன்று காரணம். இலை ஈரம், இலை தூள், நேரம் அதிகம். பெரும்பாலும் முதலாவதுதான். பச்சைக் கற்பூரவள்ளி ஒரு கிலோவில் 800 மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும். அதில் 95 விழுக்காட்டு எத்தனால் 3 லிட்டர் ஊற்றினால் அது 75 விழுக்காட்டுக்கு வந்துவிடும். தண்ணீர் கூடக்கூடச் சர்க்கரையும் பிசினும் கூடவே இறங்கி, வடிதுணி அடைத்துக்கொள்ளும்.

நிழலில் உலர்த்துங்கள்; காம்பு மடக்கென்று ஒடிய வேண்டும். மிக்ஸியில் அடிக்காமல் ஒரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்குங்கள். 250 கிராம் இலைக்கு 2 லிட்டர், 5 நிமிஷம் கிளறல், உடனே வடிகட்டல். வாசனை பாக்கி இருந்தால் புது எத்தனாலில் இன்னொரு 5 நிமிஷம். ஒரே தடவை அரை மணி நேரம் ஊறவிட்டால் பச்சையம்தான் கூடும்.

துணி பிழியும் மெஷினில் சுற்றினால் சக்கை நன்றாக வறளும் என்கிறார்களே?

வறளும், வீடும் எரியும். அந்த மோட்டார் கூடைக்கு அடியில் இருக்கிறது. எத்தனால் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம், நேரே அங்கேதான் இறங்கும். நைலான் வலைப்பையில் கட்டி, தேங்காய்ப்பால் பிழியும் கைத்திருகு அழுத்தியில் பிழியுங்கள். மெதுவாகத் திருகுங்கள், வேகமாகத் திருகினால் பை கிழிந்து தூள் எல்லாம் சாற்றில் கலக்கும்.

மஞ்சளுக்கும் செராய்க்கும் (எலுமிச்சைப் புல்) இதே முறைதானா அண்ணே?

மஞ்சளுக்குக் குளிர் எதிரி. அறைச் சூட்டில் ஒரு நாள் ஊறட்டும். செராயின் எண்ணெய்க்கு நீராவிதான் சிக்கனம். பண்டான் இலையைக் காயவைத்தால் வாசனை பறந்துவிடும். அதைப் பச்சையாகவே நறுக்கிக் குளிரவைத்துப் போடுங்கள், நிறம் பச்சையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

வடிகட்டின பிறகு அடியில் வெள்ளையாகப் படிகிறதே?

அது இலையின் மெழுகு, நல்லதுதான். சாற்றை அதே ஐஸ்பெட்டியில் ஓரிரவு வைத்து, புனலையும் குளிரவைத்து, காப்பி வடிதாளில் வடிக்கவும். புனல் சூடாக இருந்தால் மெழுகு மறுபடி கரைந்து கீழே போய்விடும். வேகம் வேண்டுமென்றால் மோட்டார்சைக்கிள் கடையில் பிரேக் எண்ணெய் உறிஞ்சும் கைப்பம்பு கிடைக்கும். அதைத் தடித்த கண்ணாடிக் குடுவையோடு சேர்க்கலாம். ஜாம் போத்தல் உள்வாங்கி நொறுங்கும். குழாய் சிலிக்கானாக இருக்கட்டும். தெளிந்த பிவிசி குழாயின் மென்மையாக்கி உங்கள் தைலத்துக்குள் வந்துவிடும். அக்ரிலிக் மூடியும் எத்தனால் பட்டால் கீறல் விடும்.

எத்தனாலைத் திரும்ப எடுக்க மலிவான வழி?

இங்கேதான் காசைப் போட வேண்டும். சாறு உள்ள மூடிய குடுவையின் காற்றைப் பம்பால் உறிஞ்சி, அழுத்தத்தை 100 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறக்கினால் எத்தனால் 35 டிகிரியிலேயே கொதிக்கும், வாசனை கருகாது. ஆனால் நம் குழாய்த் தண்ணீர் 28, 30 டிகிரி. 35 டிகிரி ஆவியை மறுபடி திரவமாக்கும் அளவுக்கு அது குளிர்விக்காது. பாதி எத்தனால் பம்பு வழியாக வெளியேறிவிடும். “பம்பு சரியில்லை” என்று புலம்புகிறவர்கள் முதலில் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கலாம். வெந்நீர்த் தொட்டி 55, குளிர்விக்கும் நீர் 15 அல்லது அதற்குக் கீழ்: இரு பக்கமும் 20 டிகிரி இடைவெளி வேண்டும். மிஞ்சின ஐஸ் தண்ணீரைச் சிறு மீன்தொட்டிப் பம்பால் சுற்றவிடுங்கள், எத்தனால் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்து.

எத்தனால் காய்ச்சுவது 1976 கலால் சட்டத்துக்குள் வரும் விவகாரம். சாதனம் வாங்கும் முன் சுங்கத்துறையில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹார்ட்வேர் கடை ஸ்பிரிட் பாதி விலைக்குக் கிடைக்குதே ஐயா?

அதில் மெத்தனால் இருக்கலாம். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வீட்டில் பிரித்தெடுக்கவும் முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் நச்சுச் சாராயம் குடித்துச் செத்தவர்களைக் கொன்றது இந்த மெத்தனால்தான். தோலில் பூசுவதற்கும் வேண்டாம்.

லயத்து வீட்டுச் சமையலறையில் செய்யலாமா?

செய்யாதீங்க அக்கா. ஆவி தரையோடு ஊர்ந்து அடுத்த அறைச் சாமி விளக்கு வரை போகும். பின்கட்டில், நாலு பக்கமும் திறந்த கூரையடியில், அடுப்பும் மோட்டாரும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஏபிசி பொடித் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. கையில் சூடு உறைத்தால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், மூடியைப் போட்டு மூடுங்கள்.