பிள்ளைக்குப் பவுடர் வாங்கும் முன்பு உங்கள் காலைத் தட்டைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது, எடை 12 கிலோ. போனைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறாள். பிரசவத்துக்குப் பின் ஏறிய என் எடை இறங்கவே இல்லை. காலையில் எனக்குக் காபி மட்டும்தான். பதினொரு மணிக்குப் பசித்தால் டின்னில் இருக்கிற முறுக்கு, சீப்புச் சீடை. எங்கள் தெருவில் நியூட்ரிஷன் கிளப் நடத்தும் அக்கா ஒருவர், “நீ ஒழுங்காச் சாப்பிடாததாலதான் பிள்ளை இப்படி இருக்கு. நீ ஷேக் குடி, பிள்ளைக்கும் ஒரு டப்பா பவுடர் எடுத்துக்க” என்கிறார். நான் சாப்பிடுவதும் நடப்பதும் பிள்ளையை உண்மையிலேயே பாதிக்குமா? கர்ப்பத்தில் எனக்குச் சுகர் இருப்பதாகச் சொன்னார்கள். பிரசவத்தோடு போய்விட்டது என்று விட்டுவிட்டேன். (தேவகோட்டை வாசகி)

பதில்: பாதிக்கும், தங்கச்சி. ஆனால் அந்த அக்கா சொல்கிற வழியில் அல்ல. அந்த டப்பாவை வாங்காதீர்கள்.

உங்கள் மகளின் 12 கிலோ ஒரு நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டையில் மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு நடுத்தர எடை 13.9 கிலோ. 10.8 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் எடைக்குறைவு என்று எழுதுவோம். ஒரு நாள் எடையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. போன ஆறு மாதத்தில் எடை எப்படி ஏறியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் தாய் சேய் நல அட்டையில் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் வரும் அட்டைகளில் பெரும்பாலும் எண் மட்டும் இருக்கிறது, கோடு இல்லை. எடை போட்டவர் நோட்டில் குறித்துக்கொண்டு, “சரி, போங்க” என்று அனுப்பிவிடுகிறார். புள்ளிகளை இணைத்து, “பாருங்க, உங்க பிள்ளை இந்தக் கோட்டிலேயே ஏறிக்கிட்டு வருது” என்று காட்ட இரண்டு நிமிடம் ஆகுமா? அந்த இரண்டு நிமிடம் கிடைக்காத அம்மாக்கள்தான் பயந்து போய் கிளப்பில் பணம் கட்டுகிறார்கள். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. கோடு படுத்துவிட்டாலோ கீழே திரும்பினாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அது வேறு கதை.

தாயின் சாப்பாடு பிள்ளையைச் சேர்வது வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. நீங்கள் சாப்பிட்ட பூண்டின் வாசமும் காய்களின் ருசியும் பனிக்குட நீரிலும், பிறகு தாய்ப்பாலிலும் கலக்கின்றன. 2001இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையம் இதைச் சோதித்துப் பார்த்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ காரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பின்னால் காரட் கலந்த கூழைக் கொடுத்தபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தன. அதே ஆண்டில் புனே பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வும் வெளிவந்தது. கர்ப்பத்தில் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதைவிட, கீரையும் பழமும் பாலும் அடிக்கடி சாப்பிட்டார்களா என்பதோடுதான் பிறந்த குழந்தையின் அளவு ஒத்துப்போனது. பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று கர்ப்பிணிகளிடம் குங்குமப்பூ டப்பியை நீட்டுகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். அந்தக் காசில் எத்தனை கீரைக்கட்டு வாங்கலாம்!

உங்கள் விஷயத்தில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. மூன்று வயதில் பிள்ளை ருசியைக் கண்ணால் படிக்கிறது. நம் பக்கத்தில் காலை எட்டரை மணிக்குப் பல வீடுகளில் நடப்பது இதுதான். அம்மா அடுப்படியில் நின்றபடி காபியை ஆற்றிக்கொண்டிருப்பாள். பட்டாலையில் பிள்ளை போனோடு உட்கார்ந்திருக்கும். அப்பத்தா இட்லியைப் பிட்டு, சீனியில் தொட்டு, வாயில் திணிப்பார். பிள்ளை மெல்லாமல் கன்னத்திலேயே அடக்கி வைத்திருக்கும். அரை மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு தட்டு கழுவப் போகும் வழியில், மிஞ்சிய இட்லியை அம்மா தன் வாயில் போட்டுக்கொள்வாள். அவளுக்குக் காலைச் சாப்பாடு அதோடு முடிந்தது. அம்மா உட்கார்ந்து, தட்டு வைத்து, கீரைத் துவட்டலைப் பிசைந்து சாப்பிடுவதை அந்தப் பிள்ளை ஒருநாளும் பார்த்ததே இல்லை. “கீரை சாப்பிடு, சத்து” என்று வாயால் சொன்னால் அது எப்படி நம்பும்?

அதனால் நாளையிலிருந்து இரண்டு தட்டு வையுங்கள், ஒன்று உங்களுக்கு. போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், உங்கள் போனையும் சேர்த்துத்தான். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவள் முடிவு செய்யட்டும். அரை மணி நேரம் ஆனதும், மிச்சம் இருந்தாலும் தட்டை எடுத்துவிடுங்கள். கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். முதல் நான்கு நாள் வீடே உங்களைக் குற்றவாளி போலப் பார்க்கும். தாங்கிக்கொள்ளுங்கள். புதுக் காய் ஒன்றைப் பிள்ளை ஏற்க எட்டிலிருந்து பதினைந்து தடவை வரை அது தட்டுக்கு வர வேண்டியிருக்கும். நாம் மூன்றாவது தடவையிலேயே “இவளுக்கு வெண்டைக்காய் பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

பால் எவ்வளவு குடிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பசியும் எடுக்காது, இரும்புச் சத்தும் குறையும். உங்களுக்கும் ஒன்று: காபியைச் சாப்பாட்டோடு குடித்தால் உணவில் இருக்கும் இரும்பு உடம்பில் ஒழுங்காகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும் ரத்தசோகை இருக்கிறது. அம்மாவின் தட்டில் இல்லாதது பிள்ளையின் தட்டிலும் இருப்பதில்லை.

முறுக்கு டின்னைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். செட்டிநாட்டு வீட்டில் அது நடக்கிற காரியமும் இல்லை. எப்போது நினைத்தாலும் கை விடுகிற இடத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். நாலு மணி இடைப்பலகாரத்துக்கு இரண்டு முறுக்கு, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் என்று இருக்கட்டும். கும்மாயம் செய்கிற வீடு என்றால் கருப்பட்டியையும் நெய்யையும் பாதியாகக் குறைத்துச் செய்யுங்கள். உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்ந்த அருமையான பண்டம் அது.

இனி அந்த டப்பா. உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதம் சுமார் 12 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், இன்னொரு 6 கிராம். இட்லி உளுந்து, இளங்குழம்புப் பருப்பு எல்லாம் கணக்குக்கு மேல். டப்பாவைத் திருப்பி இரண்டு ஸ்பூனில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று படித்துப் பார்த்துவிட்டு, முட்டை விலையோடு ஒப்பிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடம்பை வளர்க்கப் புரதப் பவுடர் வேண்டாம் என்று பெரியவர்களுக்கே சொல்லியிருக்கிறது.

இந்தக் கிளப்புகள் வேலை செய்கிற விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதல் நாள் இலவசமாக எடையும் கொழுப்பு சதவீதமும் பார்ப்பார்கள். எந்திரம் காட்டுகிற எண் எப்போதும் பயமுறுத்துகிற எண்ணாகத்தான் இருக்கும். அப்புறம் மூன்று நாள் ஷேக். பிறகு மெம்பர்ஷிப். பிறகு “உனக்குக் கீழே நாலு பேரைச் சேர்த்துவிட்டால் உன் டப்பா சும்மா கிடைக்கும்” என்பார்கள். உங்களுக்குச் சொன்ன அக்காவும் அப்படிச் சேர்க்கப்பட்டவராகத்தான் இருப்பார்; அவரைக் கோபிக்காதீர்கள். ஆனால் சில நாள் பயிற்சியில் ‘கோச்’ ஆனவர், ரத்தப் பரிசோதனை கூடப் பார்க்காமல் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பவுடர் எழுதிக் கொடுக்கிறார். இதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண் இருக்கிறதே என்பார்கள். அது உணவு விற்க உரிமம். பிள்ளை வளரும் என்பதற்கான சான்று அல்ல.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1992இல் வந்து 2003இல் இறுக்கப்பட்ட சட்டத்தின்படி, இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால் பவுடரையும் உணவையும் விளம்பரம் செய்யக் கூடாது. மருத்துவமனையில் வைத்தும் தூண்டக் கூடாது. இரண்டு வயது தாண்டியதும் அந்தச் சட்டம் எட்டாது. அதனால்தான் இரண்டு வயதுக்கு மேல் என்று அச்சிட்ட டப்பாக்கள் கடையில் வரிசை கட்டி நிற்கின்றன. சீட்டில் பவுடரை எழுதி, கீழ்த்தளத்துச் சொந்த மருந்துக்கடையிலேயே வாங்க வைக்கிற மருத்துவமனைகளும் இருக்கின்றன. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்கிற காரியம் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, வருத்தம்தான். எந்தச் சீட்டிலும் பவுடர் பெயரைப் பார்த்தால், “இது இல்லாமல் என்ன சாப்பாடு கொடுக்கலாம், டாக்டர்?” என்று கேளுங்கள்.

நடை விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தாய்மாருக்கும் அவர்களுடைய நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் அசைவைப் பதிவு செய்யும் கருவியைப் பொருத்திப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அதிகம் அசைகிற அம்மாவின் பிள்ளையும் அதிகம் அசைகிறது. யார் யாரை ஓட வைக்கிறார்கள் என்பதை அது சொல்லாது; எப்படியானாலும் இரண்டு பேருக்கும் லாபம். உங்கள் மகளின் வயதுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓட்டம், ஆட்டம், நடை எல்லாம் சேர்த்து வேண்டும். அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்குகிற ஆட்டமாக இருக்க வேண்டும். போன், டிவி எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. உங்களுக்கு வாரத்தில் 150 நிமிடம் வேகநடை. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. சாயங்காலம் ஊருணிக்கரையைச் சுற்றுங்கள். அவளை இடுப்பில் தூக்காதீர்கள், வண்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டும் போகாதீர்கள். வெயில், மழை என்றால் முற்றத்தைச் சுற்றித் தூணுக்குத் தூண் ஓடவிட்டு, நீங்கள் பிடிக்கப் போங்கள். காலையில் தனியாக வாக்கிங் போகச் சொல்லுகிறவர்கள், அந்த நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று சொல்வதே இல்லை. உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள். கர்ப்பிணிகள் முகாமில் கணவருக்கும் மாமியாருக்கும் ஒரு நாற்காலி போடாத வரை, இந்த அறிவுரை எல்லாம் பாதிதான் வேலை செய்யும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கடைசி வரிதான். கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்கு நான் சொன்னதெல்லாம் பொருந்தும், ஆனால் அது போதாது. பிரசவத்துக்குப் பின் சுகர் இறங்குவது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் கர்ப்பத்தில் பிறந்த பிள்ளைக்கும் வளர வளர உடல் பருமனும் சர்க்கரையும் வர வாய்ப்பு கூடுதல். உங்கள் வீட்டுப் பயம் பிள்ளை ஒல்லி என்பது. என் பயம், ஒல்லி என்று திணித்துத் திணித்து, பத்து வயதில் அவளைக் குண்டாக்கிவிடுவார்களே என்பது. அவளுக்குச் சர்க்கரை கலந்த பவுடர் வேண்டாம் என்று இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

பிரசவமான ஆறாவது வாரத்தில் உங்களுக்குச் செய்திருக்க வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. வெறும் வயிற்றில் ஒரு தடவை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். கர்ப்பத்தில் விடாமல் சுகர் பார்க்கிறவர்கள், பிரசவம் ஆனதும் அம்மாவையே மறந்துபோகிறார்கள். மூன்று வருடம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, இப்போது பாருங்கள். முகாமில் விரலில் குத்திப் பார்த்து “நார்மல்” என்றால் அதோடு திரும்பாதீர்கள். குளுக்கோஸ் குடித்த பிறகு பார்ப்பதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே சர்க்கரை நோய். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது எண் 140க்கும் 200க்கும் நடுவில் இருந்தால், அந்த அரை மணி நடையும் காலைத் தட்டும்தான் முதல் மருந்து. நார்மல் என்று வந்தாலும் ஆண்டுக்கு ஒரு தடவை பாருங்கள். அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால், கருத்தரிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.